எட்டு மில்லிக் கற்கள்

ராஜாராம் ஏலத்தோட்டத்தை விட்டுவிட்டு மனிதர்களின் குடலைக் கழுவ ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. போடிமெட்டுச் சரிவில் ஏலக்காய் உலர்த்திக்கொண்டிருந்த பழைய ஸ்டோர் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, 'அமுதக்குடல் நச்சுநீக்க ஆசிரமம்' என்று பலகை மாட்டினார். பெயருக்கு முன்னால் 'குடல்ஞானி' என்ற பட்டத்தைக் கொடுத்தது யார் என்று ஊருக்குத் தெரியாது. பலகை எழுதியவன் மட்டும், "அவரே எழுதிக் குடுத்த சீட்டு எங்கிட்ட இருக்கு" என்பான்.

குடல்ஞானி கன்னையனுக்கு மச்சான். மனைவி ஜக்கம்மாளின் கூடப்பிறந்த அண்ணன். அதனால், போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கன்னையனுக்குப் பித்தப்பையில் கல் என்று ஸ்கேனில் தெரிந்ததும், விஷயம் அன்றைக்கே மலையேறிவிட்டது.

தேனி டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். "கல்லீரல் பித்தநீர் சுரக்கும். பித்தப்பை அதைச் சேத்து வச்சிருந்து, நீங்க எண்ணெய்ப் பண்டம் சாப்பிட்டதும் பிழிஞ்சு குடலுக்கு விடும். உங்க பை நெறையக் கல்லு. பிழியும்போது ஒண்ணு நழுவிக் குழாயை அடைச்சா, காமாலை, காய்ச்சல், உசுருக்கே ஆபத்து. பையை எடுத்துருவோம். அது இல்லாமலும் சோறு செரிக்கும்."

புதன்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அதற்கு முந்தைய வாரமே ராஜாராம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"மாப்ளே, ஆண்டவன் வெட்டியா ஒரு பையை வச்சிருப்பானா? எனக்கும் இதே கல்லுதான். கத்தி படாம, எண்ணெயும் எலுமிச்சஞ்சாறும் குடிச்சே நாப்பது கல்லு எறக்குனேன். உங்க கல்லீரல்ல அம்பது வருஷ நஞ்சு தேங்கிக் கெடக்கு!"

"நஞ்சைப் பிரிச்சு வெளிய தள்ளத்தான் கல்லீரலும் கிட்னியும் இருக்குன்னு டாக்டரு சொன்னாரே மச்சான்?"

"அதுக சம்பளம் வாங்காம வேலை பாக்குதுக மாப்ளே. கங்காணி இல்லாட்டி ஒழுங்காப் பாக்குமா?"

தோட்ட முதலாளிக்கு மட்டுமே தோன்றக்கூடிய வைத்தியம். கன்னையன் ஜக்கம்மாளைப் பார்த்தார். அவள் முந்தானை நூலைப் பிரித்துக்கொண்டே, "அண்ணே சொல்றபடி செஞ்சுதான் பாருங்களேன்" என்றாள். ஆபரேஷன் ரத்தானது.

ஆசிரமத்தில் இரண்டு நாள் பழச்சாறு. மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு பெரிய டம்ளர் ஆலிவ் எண்ணெய், அதில் பிழிந்த எலுமிச்சை. மறுநாள் காலையில் இறங்கிவிட்டது: பச்சைப் பச்சையாய், உருண்டை உருண்டையாய்.

வேறு ஆளாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீரை ஊற்றியிருப்பான். கன்னையன் முப்பது வருஷம் காய் சலித்தவர். பச்சையாய் உருண்டையாய் எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அலசி எடுத்தார். ஸ்டோர் மூலையில் கிடந்த பழைய சல்லடைகளில் போட்டு ஆட்டினார். எட்டு மில்லிமீட்டருக்கு மேலே பதினொன்று. ஏழுக்கு மேலே இருபத்தாறு. மிச்சம் பொடி.

"நெறத்தைப் பாருங்க மச்சான்! ஏலத்துக்கு வச்சா மொதத் தரம்!"

ராஜாராமுக்கும் கண் கலங்கியது. "நாலு மணிக்குக் கூட்டம் மாப்ளே. கம்பத்துலருந்தெல்லாம் ஆளு வருது. கல்லைப் பாட்டில்ல போட்டு மேடையில வைப்போம். நீங்க நாலு வார்த்தை பேசணும்."

பேச்சை விடக் கன்னையனுக்கு நிறத்தைப் பற்றித்தான் கவலை. ஈரத்தோடு பாட்டிலில் அடைத்தால் பச்சை போய்ப் பூசணம் பூத்துவிடும். எந்தக் காயாக இருந்தாலும் பதமான சூட்டில் உலர்த்தித்தான் மூடணும். பின்கட்டில் பழைய உலர்த்தும் அறை அப்படியே இருந்தது. அடுப்பை மூட்டி, ஏலக்காய்க்குக் கொடுக்கிற அதே ஐம்பது டிகிரியில், வலைத்தட்டில் கற்களைப் பரப்பிவிட்டு வந்தார்.

மதியம் மூன்றரைக்குப் போய்ப் பார்த்தால் தட்டு காலி. கீழே தரையில் பச்சையாய் எண்ணெய் சொட்டிக் கிடந்தது.

கன்னையன் குத்தவைத்து உட்கார்ந்து விரலால் தொட்டு மோந்தார். நேற்றுக் குடித்த அதே எண்ணெய். காய் வெடித்துப் பார்த்திருக்கிறார், வெளுத்துப் பார்த்திருக்கிறார், உருகிப் பார்த்ததில்லை. கல்லும் உருகாது. குடித்த எண்ணெய்தான் குடலின் சாறோடு சேர்ந்து சோப்புக் கட்டியாய்த் திரண்டு, கல் வேஷம் கட்டி வந்திருக்கிறது. நிஜக் கல் உள்ளேயே இருந்தது. அதை நிரூபிப்பது போல வலது விலாவுக்குக் கீழே ஒரு முறுக்கு முறுக்கியது.

கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மச்சானின் அறைக்குள் போனார். ராஜாராம் மேடைக்காகப் பட்டு ஜிப்பா மாற்றிக்கொண்டிருந்தார். வெறும் உடம்பில் தொப்புளோரம் ஒரு தழும்பு, நெஞ்சுக்குழிக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு. பித்தப்பையை எடுக்க எங்கெங்கே துளை போடுவோம் என்று தேனி டாக்டர் காகிதத்தில் வைத்துக் காட்டிய அதே நாலு புள்ளி.

"இது என்ன மச்சான்?"

"அதுவா? தோட்டத்துல... ஏலச்செடி முள்ளு கிழிச்சது."

"ஏலச்செடிக்கு எந்த ஊருல மச்சான் முள்ளு?"

ராஜாராம் ஜிப்பாவை மாட்டிக்கொண்டு தலையை வெளியே நீட்டியபோது முகம் ஞானியின் முகமாகிவிட்டிருந்தது. "சரி, கல்லு எங்க?"

"உருகிருச்சு."

"சூட்டுல வச்சீங்களா? அடப்பாவி மனுசா! அதைப் பிரிஜ்ஜுலல்ல வைக்கணும்!" சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. குரலைத் தாழ்த்தினார். "பரவாயில்ல, போன மாசத்துக் கல்லு ரெண்டு பாட்டில் இருக்கு. நீங்க பேசுனாப் போதும்."

"என் உசுரு மச்சான் இது."

"உங்க பொண்டாட்டியே வாயைத் தொறக்கல, நீங்க எதுக்குக் குதிக்கிறீங்க? மதுரை ஆசுபத்திரியில எனக்கு மூணு நாளு கஞ்சி ஊத்துனதே அவதான்."

போன தையில் ஜக்கம்மாள் பழனிக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருந்ததும் மூன்று நாள்தான். வரும்போது பஞ்சாமிர்தம்கூடக் கொண்டுவந்திருந்தாள்.

வெளியே ஒலிபெருக்கி கன்னையனைப் பேச அழைத்தது. அவர் மேடையைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு மலையிறங்கிய ஜீப்பைக் கை காட்டி நிறுத்தி ஏறினார். இரண்டு வளைவு தாண்டி, சிக்னல் கிடைத்ததும் வீட்டுக்குப் போன் போட்டார்.

"உங்க அண்ணனுக்கு ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியுமா?"

"சத்தியம் வாங்கிருச்சுங்க. வெளிய தெரிஞ்சா தொழிலு படுத்துரும்னு அழுதுச்சு. உங்களுக்கு எண்ணெயிலயே எறங்கிரும்னு நெனச்சேன்."

"அவருக்கு எறங்குச்சா?"

"இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் எப்படி எறங்கும்?"

அவள் அழ ஆரம்பித்தாள். கன்னையன் போனை வைத்தார். அடுத்த வளைவில் வலி முதுகுவரைக்கும் பாய்ந்தது. தேனி ஆசுபத்திரிக்குப் போன் போட்டார்.

"உடனே வந்துருங்க ஐயா, இன்னைக்கே பாத்துருவோம்" என்றது ஒரு பெண் குரல். "வெறும் வயித்தோட வாங்க. கையெழுத்துப் போட வீட்டுலருந்து யாரு வர்றாங்க? பேரு சொல்லுங்க."

கன்னையன் வாயைத் திறந்தார். பழக்க தோஷத்தில் நாக்கு நுனிக்கு இரண்டு பெயர்கள் வந்தன. இரண்டையும் விழுங்கினார்.

"யாருமில்லைன்னு எழுதிக்கிருங்க தாயி. நானே போட்டுக்கிறேன்."