பார்லர் அக்கா உண்மை சொன்ன வாரம்

பதினாறு வருஷமாக பார்லர் அக்கா ஒரே ஒரு பொய்யைச் சொல்லித்தான் பிழைத்து வருகிறாள். "ஒண்ணும் வலிக்காது" என்பாள். வாய் மூடுவதற்குள் முடி எடுக்கும் வேக்ஸ் தடவி ஒட்டிய துணியைச் சர்ரென்று உரிப்பாள். நாற்காலியில் இருப்பவர் கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

பார்லர் என்றால் மாளிகை இல்லை, வீட்டின் முன் அறைதான். ஒரு சுழல் நாற்காலி, ஓரம் ரசம் போன ஆளுயரக் கண்ணாடி, வேக்ஸ் உருக்கும் சின்ன மின்சாரப் பானை, பவுடர் டப்பா, நூல்கண்டுகள். நடுவில் ஒரு திரை. திரைக்கு அந்தப் பக்கம் குடும்பம். ஊரில் மற்ற பிள்ளைகளெல்லாம் தாலாட்டுக் கேட்டு வளர, இவள் மகள் அலறல் கேட்டு வளர்ந்தாள்.

மகளுக்குப் பதிமூன்று வயது. சாதாரணமாக "சாப்பிட வா" என்றால்கூட "எதுக்கு, என்ன, யார் சமைச்சது?" என்று மூன்று கேள்வி கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அவளுக்கு அப்பா வைத்த பெயர் வக்கீல்.

அந்த வக்கீல் திங்கட்கிழமை சாயங்காலம் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தாள். ஹெச்பிவி தடுப்பூசி. கருப்பை வாய்ப் புற்றுநோய் வராமல் காப்பதற்கு. சனிக்கிழமை காலை சுகாதார மையத்தில் போடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் படிவத்தைத் திருப்பித் தர வேண்டும். கீழே இரண்டு கோடுகள். ஒன்று பெற்றோர் கையெழுத்துக்கு, இன்னொன்று மாணவியின் கையெழுத்துக்கு.

பார்லர் அக்கா படித்தவுடனே பேனாவைத் தேடினாள். அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. மாதம் தவறாமல் புருவம் திருத்த வரும் பேங்க் மேடம் எட்டு மாதம் வராமல் இருந்து, போன வருஷம் திடீரென்று வந்து உட்கார்ந்தார். புருவமே இல்லை. "உனக்கு நூல் வேலை மிச்சம். பென்சில் வச்சு வரைஞ்சு விடு" என்று சிரித்தார். அதே நோய். பிழைத்துவிட்டார். ஆனால் அன்றைக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வில் வரைவதற்குள் பார்லர் அக்கா ஏழு தடவை அழித்து அழித்து வரைந்தாள்.

பெற்றோர் கோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு பேனாவை மகளிடம் நீட்டினாள்.

"வலிக்குமாம்மா?" என்றாள் வக்கீல்.

"சேச்சே. ஒண்ணும் வலிக்காது."

வக்கீல் பேனாவை மூடி மேஜையில் வைத்தாள். "இதே குரல்ல, இதே மூஞ்சியோட, காலைல ஒரு ஆன்ட்டிகிட்ட சொன்ன. அந்த ஆன்ட்டி ஸ்டூலை உதைச்சு உடைச்சிட்டுப் போனாங்க."

"அது வேக்ஸ்டி! இது ஊசி!"

"சொல்ற ஆள் ஒரே ஆள்தானே? நீ உண்மையைச் சொல்லு, நான் கையெழுத்துப் போடுறேன். என்ன ஊசி, எப்படி இருக்கும், அப்புறம் என்ன ஆகும்? பொய்னு தெரிஞ்சா, நான் வரவே மாட்டேன்."

தொழில் இப்படி வீட்டுக்குள் வந்து காலை வாரும் என்று பார்லர் அக்கா எதிர்பார்க்கவில்லை. அதைவிடக் கொடுமை, வலிக்குமா வலிக்காதா என்று அவளுக்கே தெரியாது.

புதன்கிழமை மதியம் தானாக ஒரு வழி நடந்து வந்தது. சுகாதார மையத்து நர்ஸ், கை வேக்ஸிங்குக்கு வந்தாள்.

"சிஸ்டர், சனிக்கிழமை பொண்ணுங்களுக்கு ஊசி போடுறது நீங்கதானே? வலிக்குமா?"

"சேச்சே. ஒண்ணும் வலிக்காதுக்கா. எறும்பு கடிச்ச மாதிரி."

பார்லர் அக்கா துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். அந்த இழுவை, அந்தப் பாதிச் சிரிப்பு, கண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பும் நேர்த்தி! ஒரு தொழில்காரியை இன்னொரு தொழில்காரிக்குத் தெரியாதா?

துணியை நர்ஸின் முன்கையில் ஒட்டி நன்றாகத் தேய்த்தாள். நுனியைப் பிடித்தாள். உரிக்கவில்லை.

"அக்கா, உரிங்க. காயுது."

"காயட்டும். நீங்க உண்மையைச் சொல்லுங்க, நான் உரிக்கிறேன். இல்லேன்னா இதோடயே டூட்டிக்குப் போங்க."

"என்னக்கா இது, மிரட்டுறீங்க!"

"என் பொண்ணு கையெழுத்து இதுல மாட்டியிருக்கு. பாதி பாதியா இழுக்கவா?"

பாதி பாதியாக என்றதும் நர்ஸ் கலங்கிப்போனாள். "சொல்றேன், சொல்றேன்! குத்துறது பெருசா தெரியாது. மருந்து உள்ள போறப்ப எரியும். மத்த ஊசியைவிடக் கொஞ்சம் கூடத்தான். அஞ்சாறு செகண்ட். அப்புறம் ஒருநாள் ரெண்டுநாள் தோள் வலி இருக்கும், வீங்கலாம், சிவக்கலாம். சிலருக்குத் தலைவலி, லேசா காய்ச்சல். சில பிள்ளைங்க பயத்துலயே மயங்கும். அதான் கால்மணி நேரம் உட்கார வச்சு அனுப்புவோம். வெறும் வயித்தோட அனுப்பாதீங்க. ஏதாவது அலர்ஜி இருந்தா முன்னாடியே சொல்லணும். ஆறு மாசம் கழிச்சு இன்னொண்ணு. இவ்வளவுதான், சத்தியமா இவ்வளவுதான்!"

"எனக்குப் போடலாமா?"

"உங்க வயசுல பலன் குறைவுக்கா. டாக்டரைக் கேட்டுப் பாருங்க. உங்களுக்கு இப்ப வேண்டியது புத்துநோய் இருக்கான்னு முன்கூட்டியே பார்க்குற ஸ்கிரீனிங் டெஸ்ட். எடுத்திருக்கீங்களா?"

பார்லர் அக்கா கண்ணைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பினாள். "அதெல்லாம் ஒண்ணும்..."

"அக்கா. இந்தக் குரலை நானும் தினம் உபயோகப்படுத்துறேன்."

"சரி, இல்லை. வரேன்."

"இப்ப உரிங்க. வலிக்குமா?"

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக பார்லர் அக்கா அந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொன்னாள். "ரொம்ப காய்ஞ்சு போச்சு சிஸ்டர். உயிர் போகும்."

போனது. தெரு முனை வரைக்கும் கேட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டில் பார்லர் அக்கா ஒன்று விடாமல் ஒப்பித்தாள். வக்கீல் நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். ஸ்கூல் வேன் ஓட்டும் அப்பா மட்டும் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

"இது எப்படி வர்ற வியாதின்னு படிச்சியா நீ? நம்ம பொண்ணுக்கு இப்ப என்ன அவசரம்? சின்னப் பிள்ளை."

"ஏங்க, பிள்ளைங்களை ஏத்தினா வேன் கதவை எப்ப சாத்துவீங்க? நாப்பது ஸ்பீடுல போனப்புறமா?"

"கிளம்புறதுக்கு முன்னாடி."

"அவ்வளவுதான். சாப்பிடுங்க."

"எப்படி வரும்?" என்றாள் வக்கீல்.

அப்பா சட்டென்று எழுந்தார். "வேன் டயர்ல காத்து பார்க்கணும்." கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வெளியே போய்விட்டார்.

பார்லர் அக்காவுக்கும் ஓடத்தான் தோன்றியது. அவளிடம் டயர் இல்லை. தண்ணீர் ஒரு மடக்குக் குடித்தாள். "பெரியவங்களானப்புறம் ஆணும் பெண்ணும் உடம்பால சேரும்போது பரவுற கிருமி. கெட்டவங்களுக்குத்தான் வரும்னு இல்லை, ரொம்ப ரொம்ப சாதாரணமா வரும். நிறைய பேருக்குத் தானாப் போயிடும். சிலருக்கு உள்ளேயே தங்கி, வருஷக்கணக்குல புத்துநோயா மாறும். கிருமி வர்றதுக்கு முன்னாடியே ஊசி போட்டாத்தான் முழுப் பலன். அதான் இந்த வயசு."

வக்கீல் எழுதி முடித்து நிமிர்ந்தாள். "இதுக்கா அப்பா ஓடினாரு? அறிவியல் பாடத்துல பாதி வந்துடுச்சே!"

கையெழுத்துப் போட்டாள். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து பார்லர் அக்காவுக்குக் கண் கலங்கியது. மகள் அவள் பேச்சை நம்பிவிட்டாள்!

அங்கேதான் சிக்கல். ஒரு தடவை உண்மை பேசி ஜெயித்தவளுக்கு அந்த ருசி விடவில்லை. வியாழக்கிழமை "எரியும், மறந்துடாதே" என்றாள். வெள்ளிக்கிழமை "நல்லாவே எரியும்" என்றாள். சனிக்கிழமை காலை தட்டில் வைத்ததை முழுக்கச் சாப்பிட வைத்து, "மயக்கம் வந்தா பின்பக்கமா சாயாதே, தலைல அடிபடும்" என்றாள். வக்கீலின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

சுகாதார மையத்தில் நாற்பது பெண்கள் வரிசையில். முன்னால் நின்ற ஒருத்தி திரும்பி, "வலிக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

கேட்டிருக்கக் கூடாது. பார்லர் அக்கா ஆதியோடந்தமாகச் சொன்னாள். ஐந்தாறு செகண்ட் எரிச்சலைக் கையை ஆட்டி நடித்தும் காட்டினாள். மூன்று பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி வாசலைப் பார்த்து நடந்தாள்.

"யாருங்க இவங்க?" என்று ஒரு தாய் சண்டைக்கு வந்தாள். "பிள்ளைங்களைப் பயமுறுத்தவே காலைல கிளம்பி வந்தீங்களா?"

"உண்மையைத்தானே சொன்னேன்!"

நர்ஸ் ஓடிவந்தாள். முன்கையில் இன்னும் சிவப்பு இருந்தது. "அக்கா, கும்பிடுறேன். வெளியே போய் உட்காருங்க."

"என் பொண்ணு..."

"உங்க பொண்ணு உங்களால தான் நடுங்கிட்டு நிக்குறா!"

பார்த்தாள். வக்கீலின் உதடு நடுங்கிக்கொண்டிருந்தது. வாசலுக்கு நடந்த பெண்ணுக்குப் பின்னாலேயே இவளும் நடந்துவிட்டால்? பொய் சொன்னபோதும் கெட்டது, உண்மை சொன்னபோதும் கெட்டதா? பார்லர் அக்கா வாயைத் திறந்தாள். எதைச் சொன்னாலும் தப்பாகும் என்று தோன்றி மூடிக்கொண்டாள். வெளியே போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

உள்ளே ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். வாசலையே பார்த்தாள். வெளியே ஓடி வந்த பெண்ணை அவள் அம்மா திரும்ப இழுத்துப் போனாள். மகள் வரவில்லை. போட்டுக்கொள்கிறாளா, மயங்கிவிட்டாளா?

ஒரு மணி நேரம் கழித்து வக்கீல் வந்தாள், தோளில் ஒரு பஞ்சோடு. முகத்தில் கோபம்.

"பொய்!"

"என்னடி?"

"அஞ்சு செகண்ட்னு சொன்ன. நான் எண்ணினேன், மூணு. உயிர் போற மாதிரி நடிச்சுக் காட்டின. அவ்வளவெல்லாம் இல்லை! சும்மா பத்தவச்சு எடுத்த மாதிரி சுள்ளுனு. அவ்வளவுதான். பக்கத்துல அழுதவளுக்கு நான்தான் கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

பார்லர் அக்காவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப தோள் வலி?"

"அதுவும் இல்லை."

சாயங்காலம் அதுவும் வந்தது. தட்டை எடுக்கக் கை தூக்க முடியாமல் வக்கீல் முனகினாள். பார்லர் அக்கா ஒரு வார்த்தை சொல்லாமல் ஊட்டிவிட்டாள். 'நான் சொன்னேனா இல்லையா' என்று முகம் முழுக்க எழுதியிருந்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

நாலாவது வாய்க்கு வக்கீல் கேட்டாள். "அடுத்த ஊசி என்னைக்கு?"

"ஆறு மாசம் ஆகும். நீ தனியாப் போறியா? நான் வரலை."

வக்கீல் மென்றுகொண்டே யோசித்தாள்.

"நீ வா," என்றாள். "பக்கத்துல உட்காரு. ஆனா வாயைத் திறக்காதே."