முத்தாயி இறக்கிவைத்த சட்டி

1

இந்தக் கதையைத் தேவகுமாரி எனக்குப் பாதிதான் சொன்னாள். மீதியைக் கேட்டதற்கு எழுந்துபோய், ஏற்கெனவே கழுவிய டம்ளரைத் திரும்பக் கழுவினாள். அதற்குமேல் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முதலிலேயே சொல்லிவிட்டேன், கடைசியில் என்னைத் திட்டக் கூடாது.

2

ஆரம்பம் மட்டும் மூன்று எழுதினேன்.

'1983ஆம் ஆண்டு, சேர்வராயன் மலையில் பனி...' (அடித்துவிட்டேன். பனி இல்லாமல் ஏற்காட்டைத் தொடங்க எவருக்கும் தெரியாது போலிருக்கிறது.)

'லெக்டின் என்பது சில விதைகளில் இருக்கும் புரதம். சர்க்கரையைக் கண்டால் பற்றிக்கொள்ளும். அதை...' (பாடப்புத்தகம். ஆனாலும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், தேவைப்படும்.)

'விதை செத்திருந்தது.' (இது இருக்கட்டும்.)

3

விதை செத்திருந்தது. சேலத்தில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவி தேவகுமாரி. ஏற்காட்டு மலையில் கொட்டச்சேடு என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த காட்டு மொச்சையை அரைத்து, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து வடித்து, அந்தச் சாற்றை ஒரு துளி இரத்தத்தில் விட்டாள். லெக்டின் இருந்தால் சிவப்பணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு திரளும். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த முறை கொண்டுவந்ததிலும் அதே கதைதான். அவளுடைய பட்டமே இந்த மொச்சையை நம்பித்தான் இருந்தது. (பட்டத்துக்காக நீங்கள் அழமாட்டீர்கள், தெரியும். பொறுங்கள்.)

மறுபடி மலையேறினாள். விதை கொடுத்தவள் முத்தாயி, எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவள்.

"ஏனுங்க அக்கா, இது பழைய வெதைங்களா?"

"இல்லீங்க கண்ணு, இந்த வருசத்துதான். வேவ வெச்சு, காயப்போட்டுக் குடுத்தனுங்க."

"அய்யோ, பச்சையாத்தானுங்க வேணும்னு கேட்டேன்! வெந்தா அதுக்குள்ளாற இருக்கறது செத்துப்போயிருமுங்க."

"பச்சை வெதை எங்க ஊட்ட உட்டு வெளிய போவாதுங்க."

4

முதலில் எழுதியபோது முத்தாயியை வெறும் பிடிவாதக்காரியாக எழுதியிருந்தேன். எனக்கு அறிவு இருந்தால் தேவகுமாரி அடுத்துச் சொன்னதைக் கேட்டுவிட்டு எழுதியிருப்பேன்.

காட்டு மொச்சையை அங்கே தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைப்பார்கள். கொதித்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், அதையும் கொட்டிவிட்டு இன்னொன்று, கசப்பு போகும்வரை. ஒருநாள் இரண்டாம் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே எஸ்டேட்டில் மணி அடித்துவிட்டது. நேரங்கழித்துப் போனால் கூலிக் கணக்கு எழுதும் ரைட்டர் பேர் எழுத மாட்டார். முத்தாயி சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடினாள். மகள் ராசாத்தி பசி தாங்காமல் அள்ளித் தின்றாள். சாயங்காலம் வாந்தி. வசம்பு உரைத்துக் கொடுத்தார்கள், மந்திரித்தார்கள். மறுநாளைக்கு மறுநாள் பிள்ளை போய்விட்டாள். (வயதைத் தேவகுமாரி சொன்னாள். எனக்கு எழுத மனம் வரவில்லை.)

அன்றிலிருந்து அந்த வீட்டில் எது சமைத்தாலும் முத்தாயி முதலில் ஒரு வாய் தின்றுவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைக்கலாம். புருசன் ஐயாக்கண்ணுகூடக் காத்திருப்பான்.

5

பச்சை விதை கடைசியில் கிடைத்தது.

"தாரனுங்க. ஆனா எம்புள்ளையக் கொன்னது அதுக்குள்ளாற இருக்கறதுதானான்னு பாத்துச் சொல்லோணும். சட்டிய எறக்குனவ நானுங்க. எனக்குத் தெரியோணும்."

சொல்கிறேன் என்றாள் தேவகுமாரி. பாவி, அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

சர்க்கரை ஒட்டிய சிறு மணிகளை நிரப்பிய கண்ணாடிக் குழாயில் சாற்றை ஊற்றினாள். மற்றதெல்லாம் வழிந்துபோக, லெக்டின் மட்டும் மணிகளைப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்தனை கழுவினாலும் விடாது. அதே சர்க்கரையைக் கரைத்து ஊற்றினால்தான் பிடியை விட்டு இறங்கும். (இதையும் முத்தாயியின் துக்கத்தையும் ஒப்பிட்டு ஒரு பத்தி எழுதினேன். வெட்கமாயிருந்தது. கிழித்துப்போட்டேன்.) சுத்தமான லெக்டின் பட்டதும் இரத்தம் திரண்டது.*

மிச்சம் ஒரே கேள்வி. அன்றைக்குக் கொதித்த கொதிப்பில் அது செத்திருக்குமா? மலையில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும், ஆகவே சேலத்து அடுப்பு உதவாது. முத்தாயியின் அடுப்பிலேயே, அதே சட்டியில் மொச்சை வைத்தார்கள். இரண்டாம் தண்ணீர் கொதித்ததும் முத்தாயிதான் இறக்கினாள். தேவகுமாரி அந்த மொச்சையைச் சேலத்துக்கு எடுத்துப்போய்ச் சோதித்தாள்.

* இரத்தத்தில் திரண்டால் வயிற்றிலும் விஷம் என்று அர்த்தமில்லை என்று தேவகுமாரி பலமுறை சொன்னாள். இதை முத்தாயியிடம் எப்படிச் சொல்வது என்றும் அவளேதான் கேட்டாள்.

6

முடிவு ஒன்று: லெக்டின் சாகவில்லை. அப்படியானால் அந்தச் சட்டிதான்.

முடிவு இரண்டு: செத்துவிட்டது. அப்பாடா என்று எழுதத் தொடங்கினேன். மொச்சை இல்லையென்றால் வேறேதோ நோய். பஸ் ஏற்றிச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் ஒருவேளை பிள்ளை... (இதற்குமேல் எழுத முடியவில்லை.)

முடிவு மூன்று: தேவகுமாரி பொய் சொல்கிறாள். இதில் எது முத்தாயிக்கு ஆறுதலான பொய் என்று எனக்குத் தெரியவில்லை.

7

தேவகுமாரி முத்தாயி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். சோதனையில் வந்த பதில் அவளுக்குத் தெரியும். முத்தாயி இன்னும் அதைக் கேட்கவில்லை. வெந்த மொச்சையைத் தட்டில் கொண்டுவந்து வைக்கிறாள்.

"நொம்பத் தொலவு வந்திருக்கீங்க கண்ணு. மொதல்ல சாப்பிடுங்க. இருங்க, நான் ஒரு வாய் தின்னுக்கறேன்."

தின்றுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தேவகுமாரி தட்டைத் தொடாமல் காத்திருக்கிறாள். அந்தச் சற்று நேரம்தான் என்னால் உங்களுக்குத் தர முடிந்தது. அது முடிந்ததும் முத்தாயி தலைநிமிர்ந்து கேட்பாள். பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.