தம்பி வீட்டு வாடகை

வருமானச் சான்றுக்கான விண்ணப்பத்தைத் தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ஜன்னல் வழியாகத் திருப்பித் தள்ளினார். "வருசத்துக்கு ரெண்டு லட்சத்துக்கு மேல வாடகை வாங்குறீங்க. தையல் வருமானம் மட்டுந்தான்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

நசீம் பானுவுக்குச் சிரிப்புதான் வந்தது. வீடு அவள் தம்பி ரியாஸுடையது. குவைத் சம்பாத்தியத்தோடு கடனும் வாங்கி மங்கலம்பேட்டை ரோட்டில் கட்டி, வீடு திறப்புக்கு ஃபாத்திஹா ஓதிய மறுவாரமே விமானம் ஏறிவிட்டான். பீங்கான் கம்பெனி ஒன்று அதைக் குடோனாக எடுத்துக்கொண்டது. ஒப்பந்தத்துக்குக் கையெழுத்தும் பான் கார்டும் கேட்டார்கள். ரியாஸ் ஊரில் இல்லை. பார்த்துக்கொள்கிறவள் தான்தானே என்று புதுப் புடவை கட்டிப் போட்டோ எடுத்து, தன் பெயரில் கார்டு வாங்கிக் கொடுத்தாள். நான்கு வருடமாக மோட்டார் ரிப்பேர், சாக்கடை அடைப்பு, ஒழுகும் மாடி எல்லாம் அவள் தலையில்தான். வாடகையை வங்கியில் எடுத்து அப்படியே தம்பியின் வீட்டுக்கடனுக்குக் கட்டிவிட்டு நடந்தே வருவாள். பஸ்ஸுக்குக்கூட அதில் கைவைத்ததில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். கேட்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது வருமானத்துக்கு ஆதாரம் கேட்டதும், வாடகையில் வரி பிடித்ததற்குக் கம்பெனி கொடுத்த தாளை அவளே இணைத்திருந்தாள். தன் பெயரும் முத்திரையும் இருந்த ஒரே தாள் அதுதான்.

மகள் அர்ஃபாவின் நர்சிங் படிப்புக்கு, வருமானம் குறைந்த குடும்பங்களுக்குத் தரும் உதவித்தொகை இந்தச் சான்றை நம்பித்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"வூடு என்னுது, வாடகையும் என்னுதுன்னு தம்பிய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க" என்றார், அவள் அங்கிருந்து நேரே போய்ப் பார்த்த ஆடிட்டர் சக்கரபாணி. "அவரு கணக்கு காட்டட்டும். வெளிநாட்டுல இருக்கறதால வரி ஜாஸ்தி புடிப்பாங்க. இல்லன்னா அது உங்க வருமானமாத்தான் கெடக்கும்."

சாயங்காலம் ரியாஸ் போன் செய்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க பேர்லயே இருக்கட்டுமேக்கா" என்றான். "என் பேருக்கு வந்தா முப்பது பர்சென்ட் போயிடும். உங்களுக்கு வர்ற வரிய நான் அனுப்பிடறேன். அர்ஃபாவுக்கு வேற எதுனா பாத்துக்கலாம்."

அவளுக்குக் கோபம் வரவில்லை, அலுப்பாக இருந்தது. நாற்பத்தாறு வயதுக்குப் பிறகு தன் பெயர் இவ்வளவு மலிவு என்று தெரிந்துகொள்வதில் என்ன இருக்கிறது?

"சரிடா, என் பேர்லயே இருக்கட்டும்" என்றாள். "அப்ப வூட்டையும் என் பேருக்கு எழுதிடு."

"என்னக்கா நீங்க..." என்று சிரிக்கத் தொடங்கியவன், அவள் சிரிக்காததைக் கவனித்து நிறுத்திக்கொண்டான். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அர்ஃபா அம்மாவையே பார்த்தாள். நசீம் பானு சுவரில் சாய்ந்து, போனைக் காதிலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.