மீதி மூன்று சீட்டுகள்

1

இந்தக் கதை பிறந்தது கற்பனையிலிருந்து அல்ல, பயத்திலிருந்து. காலை ஆறு மணிக்கு அப்பா குளித்துவிட்டு வருவார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

'இரண்டாயிரமாவது ஆண்டு, கணினி யுகத்தின் வாசலில் திருவண்ணாமலை...' (அடித்துவிட்டேன். எங்கள் வாசலில் இருப்பது அப்பா காயப்போட்ட மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை.)

2

பிளஸ் டூ முடித்த நான் எந்தக் கம்ப்யூட்டர் பாஷை படிப்பது? ஆளுக்கொன்று சொன்னார்கள்.

எதிர்வீட்டுச் சக்கரபாணி மாமா, "கோபோல் எடும்மா. அமெரிக்காவுல தேதி மாத்த ஆள் பத்தலையாம்" என்றார்.

"அந்த ஒய்-டூ-கே பிரச்சனை ஜனவரியோட முடிஞ்சிபோச்சு மாமா."

"ஏன், அதுக்கப்புறம் தேதி மாறாதா?"

(இவர் கதைக்கு வேண்டுமா என்று சந்தேகம். எடுத்துப் பார்த்தேன். கதை அழுதது.)

சென்னையிலிருந்து அத்தை மகன் இளஞ்செழியன் போனில், "ஜாவா. வேற எதையும் தொடாத" என்றான்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரிஞ்சவனுங்க எல்லாம் வேலைக்குப் போயிட்டானுங்க."

கம்ப்யூட்டர் சென்டர் சார், "மொதல்ல சி" என்றார்.

எனக்குப் பிடித்தது இன்டர்நெட் பக்கம் செய்கிற ஹெச்டிஎம்எல். சென்டரில் நான்கு வரி அடித்ததும் என் பெயர் சிவப்பாகத் திரையில் ஓடியது. வேறு எந்தப் பாஷையும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அது லாங்குவேஜே இல்லம்மா, வெறும் மார்க்கப்" என்றார் சார்.

3

அப்பா முடிவெடுத்தார். "ஆளுக்கு ஒண்ணு சொன்னா? அம்மனே சொல்லட்டும். பாப்பா, நாலையும் சீட்டுல எழுது."

உண்ணாமுலையம்மன் சன்னதியில் யாரோ வீட்டுக் குழந்தை ஒரு சீட்டை எடுத்தது. ஹெச்டிஎம்எல். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

(எழுதியது நான். நான்கிலும் ஹெச்டிஎம்எல்தான்.)

கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அப்பா மீதி மூன்றையும் பிரிக்காமல் விபூதி டப்பாவில் போட்டுக்கொண்டார்.

4

இன்று ராத்திரி சாப்பாட்டில் அப்பா:

"வேடியையும் சென்டர்ல சேத்துடலாம். அம்மன் பாத்த சீட்டை வீணாக்கக் கூடாது. காலையில மிச்ச மூணுல ஒண்ணு எடுக்கட்டும்."

வேடியப்பன் என் தம்பி. "எனக்கும் அக்கா மாதிரி ஹெச்டிஎம்எல் வந்தா?"

"அது எப்பிட்றா வரும்? அதான் எடுத்தாச்சே!"

நான் தட்டோடு எழுந்துவிட்டேன்.

(டப்பாவைத் திருடலாமே என்கிறீர்கள். அப்பா படுத்திருப்பது சாமி அலமாரிக்கு நேர் கீழே. அதுவும் மல்லாந்து.)

5

முடிவு அ: அப்பா சிரித்துவிடுகிறார். (எங்கள் அப்பாவைத் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள்.)

முடிவு ஆ: மூன்றையும் பிரித்த அம்மா, அற்புதம் என்று கற்பூரம் ஏற்றுகிறாள். மறுவாரம் எங்கள் வேங்கிக்கால் பகுதி முழுக்க ஹெச்டிஎம்எல் படிக்கிறது.

முடிவு இ: அப்பா எழுந்ததும் நானே போய், 'அப்பா, அந்தச் சீட்டு...'

இதற்குமேல் கை ஓடவில்லை. அதனால் நான்கு சீட்டில் நான்கு முடிவு எழுதி மடித்து வைத்திருக்கிறேன். ஒன்றை நீங்கள் எடுங்கள். எது வந்தாலும் காலையில் அப்படியே செய்கிறேன், அம்மன் மேல் சத்தியம்.

மீதி மூன்றை மட்டும் பிரித்துப் பார்க்காதீர்கள்.