ஊர்ப் பெண்களின் கைமுடி

அந்தத் தெருப் பெண்களின் கையிலிருந்தும் காலிலிருந்தும் வாக்ஸ் போட்டு இழுத்த முடியெல்லாம் மறுநாள் காலையில் பார்லரம்மாவின் நாத்தனார் தலையில் முளைத்தது. முளைத்தது என்றால் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கவில்லை. வேர்விட்டு, தோலைக் கெட்டியாகப் பிடித்து, ஒன்றைப் பிடுங்கினால் கண்ணில் தண்ணீர் வரும்படி முளைத்தது. தெருவில் குடிநீர்க் குழாய் மாற்றிய வருடம் அது. ஊரில் எல்லோரும் குழாயைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள், ஏனென்றால் பள்ளம் தோண்டியவர்கள் மூடாமல் போய்விட்டார்கள்.

பார்லர் என்பது அந்த வீட்டின் முன்னறைதான். சுழல் நாற்காலி, ஒரு கட்டில், ஆளுயரக் கண்ணாடி, வாக்ஸ் உருக்கும் ஹீட்டர், காத்திருப்பவர்களுக்கு ஒரு நீள பெஞ்சு. வீட்டுக்காரர் நெடுந்தூர லாரி ஓட்டுகிறவர், வந்தால் தூங்குவார், எழுந்தால் போய்விடுவார். அவருடைய தங்கைதான் இந்த நாத்தனார். பார்லரம்மா மருமகளாக வந்த நாளில் அவள் ரெட்டைச் சடை போட்ட பள்ளிக்கூடப் பெண். அண்ணிக்குப் பின்னாலேயே சுற்றிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசி உயிரை வாங்குகிறவள். கல்லூரி முடிக்கிற சமயத்தில் ஒரு சளிக்காய்ச்சல் வந்து போவதற்குள் அவள் தலைமுடி முழுக்க உதிர்ந்துவிட்டது. முதலில் ஒரு சின்ன வட்டம், பிறகு தலை, புருவம், இமை, கையில் இருந்த பூனைமுடி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. உடம்பு தன் முடியையே எதிரி என்று நினைத்துக்கொண்டு விரட்டுகிறது என்றார் டாக்டர். மாத்திரை, ஊசி, தைலம் எல்லாம் பார்த்தாகிவிட்டது, உடம்பு சமாதானத்துக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவள் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு பின்னறையிலேயே இருந்தாள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே ஒரு திரை. பழைய ஜீன்ஸ் துணியைப் பட்டை பட்டையாக வெட்டுவது, வாக்சிங் முடிந்த பட்டைகளைக் கழுவி, வெந்நீரில் போட்டெடுத்து, காயவைத்து அடுக்குவது எல்லாம் அவள் வேலை. புருவத்தைப் பென்சிலால் வரைந்துகொள்வாள். கோபமாக எழுந்த நாளில் புருவம் மேலே ஏறியிருக்கும், அழுதுவிட்டு வரைந்த நாளில் கீழே சரிந்திருக்கும். பார்லரம்மா அதைப் பார்த்துத்தான் அன்றைக்கு என்ன பேசலாம், எதைப் பேசக்கூடாது என்று முடிவு செய்வாள். அந்தப் பெண் என்றைக்காவது திரையைத் தாண்டி வெளியே வரவேண்டும், அதைத் தவிர பார்லரம்மாவுக்கு வாழ்க்கையில் வேறு பெரிய வேண்டுதல் இருந்ததில்லை.

அந்த நாள் வரைக்கும் பார்லரில் தேன் நிறத்து வாக்ஸ்தான். தண்ணீரில் கரைகிற ரகம், சர்க்கரைப் பாகு போல இருக்கும், துடைப்பது சுலபம். ஆனால் கனத்த முடியை அது பாதியிலேயே ஒடித்துவிடும். நாலு நாளில் கை முள்ளு முள்ளாகக் குத்துகிறது என்று பெண்கள் முணுமுணுத்தார்கள், சிலர் அடுத்த தெருப் பார்லருக்கும் போய்வந்தார்கள். அப்போதுதான் ஸ்கூட்டரில் சரக்கு கொண்டுவரும் ஏஜெண்ட் ஒரு புது டப்பாவைக் கொண்டுவந்து கட்டில் மேல் வைத்தார். எண்ணெய் வாக்ஸ், மரப்பிசினும் எண்ணெயும் சேர்த்தது, தோலைப் பளிச்சென்று ஆக்கும், இதைப் போட்டுக்கொண்டவர்களை வீட்டில் அடையாளமே தெரியாது என்று அளந்தார். பார்லரம்மா லேசில் ஏமாறுகிறவள் இல்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். உருக்கி மரக்குச்சியில் எடுத்து, நூல் போல ஒழுகுகிறதா, கட்டி கட்டியாக விழுகிறதா என்று பார்த்தாள். வாசனை மட்டும் தூக்கலாக இருந்த ஒரு டப்பாவைத் திருப்பிக் கொடுத்தாள், அடியில் மாவு போலப் படிந்திருந்த இன்னொன்றையும் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவதை மட்டும் தன் முழங்கைக்குக் கீழே ஒரு விரலகலம் போட்டு இழுத்துவிட்டு, ஏஜெண்டை மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் அந்த இடம் சிவக்கவில்லை, அரிக்கவில்லை, கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது. அதன் பிறகுதான் வாங்கினாள். வருகிற பெண்களிடம் மட்டும் ஏஜெண்ட் அளந்ததை அவள் சொல்லவில்லை, சொன்னது இதைத்தான்.

"உங்க கலர் உங்களுக்குத்தான், அத யாரும் மாத்த முடியாது. முடி போகும், மேல படிஞ்ச செத்த தோலு போகும். அதுலயே பளிச்சுன்னு தெரியும். அவ்ளோதான்."

முதல் நாள் புது வாக்ஸில் நாலைந்து பெண்கள் செய்துகொண்டார்கள். பட்டைகள் பின்னறைக்குப் போயின. எண்ணெய் வாக்ஸ் தண்ணீரில் போகாது என்று சொல்ல பார்லரம்மா மறந்துவிட்டாள். நாத்தனார் வழக்கம் போல வாளியில் வெந்நீர் நிரப்பிப் பட்டைகளை முக்கினாள். வாக்ஸ் இறுகிப் பிசினாகி, வாளியில் ஒட்டி, துணியில் ஒட்டி, கடைசியில் அவளுடைய இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டது. தேய்க்கத் தேய்க்க இன்னும் பரவியது. அவள் போட்ட சத்தத்தில் பார்லரம்மா ஓடிவந்து, தலையில் அடித்துக்கொண்டு, எண்ணெய்ப் பாட்டிலைக் கவிழ்த்தாள். எண்ணெய் பட்டதும் பிசின் கரைந்து வழுக்கிக்கொண்டு வந்தது. பட்டைகளையும் அப்படியே எண்ணெயில் தேய்த்து எடுத்தார்கள். அந்தக் களேபரத்தில் நாத்தனாருக்குத் தலை அரித்தது. துணியை விலக்கி, எண்ணெய்க் கையோடு நன்றாகச் சொறிந்துகொண்டாள். காலையில் அவள் தலையில் வாக்சிங் செய்துகொண்ட அத்தனை பேரின் முடியும் இருந்தது.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். பிறகு பார்லரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொழில் தெரிந்தவள் என்பதால், சோதித்துப் பார்த்தாள். மிச்சமிருந்த தேன் வாக்ஸை ஒருத்திக்குப் போட்டு, அந்தப் பட்டையையும் நாத்தனார் கையால் கழுவ வைத்து, கழுவிய கையைத் தலையில் தேய்க்கச் சொன்னாள். அதிலும் முடி முளைத்தது, ஆனால் ஒடிந்து வந்த முடிக்கு வேர் இல்லாததால் குளித்ததும் தண்ணீரோடு போய்விட்டது. ஆக, வேரோடு வருவதுதான் நிற்கும். அதிலிருந்து பார்லரம்மா எண்ணெய் வாக்ஸைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. சூடு கூடினால் தோல் உரியும், குறைந்தால் முடி ஒடியும் என்பதால் ஹீட்டரின் திருகைக் கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டாள். பவுடர் தூவி ஈரம் வாங்கி, முடி படுத்திருக்கும் பக்கமே வாக்ஸைத் தடவி, தோலை ஒரு கையால் இழுத்துப் பிடித்து, எதிர்ப் பக்கம் ஒரே வீச்சில் இழுத்தாள். ஒரு முடி ஒடிந்தாலும் அவளுக்கு மனசு ஆறாது. இவ்வளவு பதமாக வாக்சிங் செய்கிற ஆள் இல்லை என்று பேர் பரவி, பெஞ்சு நிறைந்தது. அடுத்த தெருவுக்குப் போனவர்களும் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வந்தார்கள்.

முளைத்த முடி அவரவர் குணத்தையும் கொண்டுவந்திருந்தது. நர்ஸின் முடி விடிவதற்கு முன்பே விறைத்து நின்றுவிடும். பாட்டு டீச்சரின் மேலுதட்டு முடி நாத்தனாரின் புருவமாக வந்தது. தெருவில் யாராவது ஹாரனைத் தப்பான சுருதியில் அடித்தால் அது தானாகச் சுளிக்கும். ஓய்வு பெற்ற தலைமையாசிரியையின் நரை நெற்றியோரத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, எவ்வளவு சீவினாலும் நேராகவே நின்றது. இடது காதுக்கு மேலே வந்த கற்றைதான் எல்லாவற்றையும் விட அடர்த்தி. அது செம்பட்டை, வெயில் பட்டால் மின்னும். நில அளவை ஆபீஸில் வரைபடம் வரைகிற பெண்ணின் கையிலிருந்து வந்தது அது. தோள் தொட்டு, முதுகு தொட்டு எல்லாம் வளர்ந்துகொண்டே போனது. ஆனால் நாத்தனார் திரையைத் தாண்டவில்லை. முன்பு முடி இல்லை என்று உள்ளே இருந்தவள், இப்போது இருக்கிற முடி அடுத்தவர்களுடையது என்று உள்ளே இருந்தாள். யாராவது பார்த்து, என்னுடையதைக் கொடு என்று கேட்டால் என்ன செய்வது? பார்லரம்மாவுக்கும் அந்தப் பயம்தான். ஒருத்தி கேட்டால் எல்லோரும் கேட்பார்கள், இந்தப் பெண் மறுபடி மொட்டைத் தலையோடு உட்கார்ந்தால் பிறகு அவளை எழுப்பவே முடியாது என்று நினைக்கும்போதெல்லாம் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிடுவாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில், பெஞ்சு முழுக்க ஆள் இருக்கும்போது, அது நடந்தது. கட்டிலில் வரைபடக்காரி படுத்திருந்தாள். ஒரு கை முடிந்து, மறு கைக்குப் பவுடர் போட்டாகிவிட்டது. குழாய்ப் பள்ளத்தில் யாரோ விழுந்துவிட்டார்கள் என்று வாசலில் சத்தம் கேட்டு, பார்லரம்மா மரக்குச்சியோடு எட்டிப் பார்த்தாள். விழுந்தது குடிநீர் வாரிய அதிகாரி என்று தெரிந்ததும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதற்குள் ஹீட்டரின் திருகு கெட்டுப்போய் வாக்ஸ் கொதித்துப் புகைந்தது. பின்னறையில் இருந்தவளுக்குத்தான் முதலில் நாற்றம் எட்டியது. அவள் யோசிக்கவில்லை. தலையில் துணி இல்லாமல், திரையைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து ப்ளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிவிட்டு நிமிர்ந்தபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

வரைபடக்காரி எழுந்து உட்கார்ந்தாள். காதுக்கு மேலே இருந்த செம்பட்டைக் கற்றையையே பார்த்தாள்.

"இது என் முடி" என்றாள்.

நாத்தனாரின் கை காதைப் பொத்திக்கொண்டது. பார்லரம்மாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"பட்டையெல்லாம் இவதான் கழுவறா. கழுவின கை தலைல பட்டுது, முளைச்சிடுச்சு. உங்க யாரையும் கேக்கல, சொல்லவும் இல்ல. தப்புதான். திட்டறதா இருந்தா என்னத் திட்டுங்க, இவள ஒண்ணும் சொல்லாதீங்க."

வரைபடக்காரி கட்டிலை விட்டு இறங்கினாள். நாத்தனாரின் கையை மெதுவாக விலக்கி, அந்தக் கற்றையை நுனி வரை விரலால் தடவிப் பார்த்தாள். எந்த வெயிலிலும் மணிக்கட்டு வரை முழுக்கைச் சட்டை போடுகிறவள் அவள் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

"ஸ்கூல்ல என்னைக் கரடின்னுதான் கூப்பிடுவாங்க" என்றாள். "ஆபீஸ்லயும் ஒருத்தர் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாரு. இது இவ்ளோ அழகா இருக்கும்னு ஒரு ஆளாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம்."

"வேணும்னா எடுத்துக்குங்கக்கா" என்றாள் நாத்தனார்.

"ஐய, வெச்சுக்கோம்மா. எனக்குத்தான் மாசாமாசம் வந்துட்டே இருக்கே!"

முதலில் சிரித்தது நர்ஸ். பிறகு பெஞ்சே குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் ஆளாளுக்கு எழுந்துவந்து, என்னுடையது எங்கே, என்னுடையது எங்கே என்று நாத்தனாரின் தலையைப் பிரித்துத் தேட ஆரம்பித்தார்கள். தலைமையாசிரியை தன் நரையைப் பார்த்துவிட்டு, இதை இந்த வயசுப் பெண்ணுக்கா கொடுப்பது என்று பார்லரம்மாவைக் கடிந்துகொண்டாள். பார்லரம்மா புது ஹீட்டர் வாங்கிவரப் போகிற சாக்கில் வாசலுக்கு வந்து, சுவரில் சாய்ந்து நின்று, ஒரு பாட்டம் நிம்மதியாக அழுதுவிட்டுப் போனாள். எத்தனையோ வருடத்துப் பாரம் அன்றைக்குத்தான் இறங்கியது.

அதன் பிறகு எல்லாம் பழகிவிட்டது. நாத்தனார் தெருவில் நடந்துபோவாள். காற்றடித்தால் அவள் தலையில் ஒவ்வொரு பாத்தியும் ஒவ்வொரு பக்கம் பறக்கும். எதிரே வருகிற பெண்கள் முதலில் தங்கள் முடியை நலம் விசாரிப்பார்கள், அப்புறம்தான் அவளை. ஊருக்குப் புதிதாக வந்த பெண்கள், என்னுடையதை முன்பக்கமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று சிபாரிசு பிடித்தார்கள். வரைபடக்காரி மாதம் தவறாமல் வந்தாள், ஆனால் முழுக்கைச் சட்டையை விட்டுவிட்டாள். முடி பாதி வளர்ந்திருக்கும் நாட்களிலும் கையை மேஜை மேல் நீட்டி வைத்துக்கொண்டே கோடு போட்டாள். லாரிக்காரர் ஒரு தடவை வந்து தங்கையைப் பார்த்துவிட்டு, முடி கொஞ்சம் வளர்ந்திருக்கிற மாதிரி இருக்கே என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார். பள்ளத்தை ஒருவழியாக மூடினார்கள்.

சில வருடம் கழித்து ஒரு நாள், கூட்டம் இருக்கும் நேரத்தில், நாத்தனார் பின்னறையிலிருந்து வந்து கட்டிலில் ஏறிப் படுத்துக்கொண்டு கையை நீட்டினாள். பார்லரம்மா வேலைக் கவனத்தில் பவுடரைத் தூவித் தடவினாள், தடவிய கை அப்படியே நின்றது. அந்த ஊரில் எந்தப் பெண்ணின் முடியையும் தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவள் அவள். மெல்லிசாக, கருப்பாக, மணிக்கட்டு வரை ஓடிய இந்த முடியை அவள் இதுவரை தொட்டதே இல்லை.

"யாரோடதுடி இது?"

"யாரோடதும் இல்ல அண்ணி. என்னோடதுதான். ஒரு வாரமா வருது."

பார்லரம்மா அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். இருக்கட்டுமே, கொஞ்ச நாள் வைத்திருந்து பார்க்கலாமே என்று கெஞ்சினாள். நாத்தனார் கேட்கவில்லை.

"எவ்ளோ நாள் மத்தவங்களோடத கழுவிட்டே இருக்கிறது? எல்லாரும் இழுத்துக்கறாங்க இல்ல, எனக்கும் இழுங்க. பாதில ஒடிச்சிடாதீங்க, சொல்லிட்டேன்."

பார்லரம்மா வாக்ஸைத் தடவினாள், பட்டையை ஒட்டி அழுத்தினாள், தோலை இழுத்துப் பிடித்தாள், ஒரே வீச்சில் இழுத்தாள். நாத்தனார், "அம்மாடியோ!" என்று தெருக்கோடி வரை கேட்கும்படி அலறினாள். பெஞ்சில் காத்திருந்த பெண்கள் பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. முதல் தடவை அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்றார்கள்.