ஆறு பிரியும் இடம்

"லெஃப்ட்! லெஃப்ட்டுன்னு சொல்றேன்ல!"

அவள் இடப்பக்கம்தான் துடுப்புப் போட்டாள். பலம் கொண்ட மட்டும் போட்டாள். படகு வலப்பக்கம் திரும்பி, தண்ணீரில் சாய்ந்து கிடந்த மரத்தின் கிளைகளுக்குள் மூக்கை நுழைத்தது. சிலந்தி வலை அவள் முகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"கடவுளே," என்றான் பின்னால் உட்கார்ந்திருந்த கணவன். "ஊருக்கே வண்டி ஓட்டச் சொல்லித்தர்றேன். உன்ன மாதிரி ஒரு கேஸ பார்த்ததில்ல."

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி நடத்துபவன் அவன். லெஃப்ட் என்றால் லெஃப்ட்டில் போக வேண்டும், அவ்வளவுதான். படகை வாடகைக்குக் கொடுத்தவரோ, லெஃப்ட் என்றால் இடப்பக்கம் துடுப்புப் போடுவது, படகு எதிர்ப்பக்கம் திரும்பும் என்று கரையிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார். அவன் அப்போது கூடாரப் பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இதை விளக்க அவள் வாயைத் திறந்தாலே, "முன்னாடி பாரு" என்கிறான். ஒவ்வொரு வளைவிலும் அவன் வலது கால் படகின் அடித்தட்டை ஓங்கி மிதிப்பது அவள் இடுப்பு வரை அதிர்ந்தது. இல்லாத பிரேக்.

அவள் எரிச்சல் பிரேக்கோடு நின்றுவிடவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்யும் அவளை, வேறு ஊரில் தொடங்கும் பரிசோதனைக்கூடத்துக்குத் தலைமை ஏற்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "வீட்ல வேணாம், ஆத்துல நிம்மதியா பேசிக்கலாம்" என்றவன் அவன்தான். எந்த ஊர் என்றுகூட இதுவரை கேட்கவில்லை. நேற்று கூடாரம் அடிக்கும்போது பேச்சை எடுத்தாள். "கம்பிய நேரா புடி" என்றான். காலையில் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்தபடி மறுபடி எடுத்தாள். "புகை வருது, தள்ளி உக்காரு" என்றான். கண்ணுக்கெட்டிய தூரம் காடு, நடுவில் இத்தனை அகலமாக ஆறு, ஒரு பேச்சுக்கு மட்டும் இடமில்லை.

கிளைகளை விலக்கி மணல்திட்டில் படகை ஏற்றினார்கள். அவள் இறங்கி நின்றாள்.

"நீங்க முன்னாடி வந்து உக்காருங்க. நான் பின்னாடி."

"கவுத்துடுவ."

"கவுந்தா நனைவோம். ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு காரியம் பண்ண மாதிரி இருக்கும்."

அவன் சிரிக்கவில்லை. முனகிக்கொண்டே முன்னால் போய் உட்கார்ந்தான். இப்போது அவளுக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. நனைந்த சட்டை, கழுத்தில் கொசுக்கடித் தடிப்பு. பார்த்துப் பார்த்துப் பயப்பட அங்கே ஒரு முகம் இல்லை.

ஆறு ஒரு மரத்தீவைச் சுற்றி இரண்டாகப் பிரியும் இடம் வந்தது.

"நான் அந்த வேலைக்குப் போறேங்க."

அவன் துடுப்பு நின்றது. அதை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். பிறகு, திரும்பாமலே, "எந்தப் பக்கம்?" என்றான்.

ஊரைக் கேட்கிறானா ஆற்றைக் கேட்கிறானா, அவளுக்குப் புரியவில்லை. அவன் மடிமேல் கிடந்த துடுப்பின் நுனியிலிருந்து தேநீர் நிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. படகு தீவின் முனையை நோக்கித் தன்பாட்டுக்குப் போனது. அவள் துடுப்பைத் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கினாள்.