நீ கேக்காத, அப்படியே அனுப்பு

வேம்புலியம்மாளின் வலது கால் முழங்கால்வரை உள்ளே போனபோது காலை ஏழரை மணி இருக்கும். பாரிவாக்கத்தில் நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட அந்தக் குடியிருப்பின் குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தவள், நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியை மூடியிருந்த இரும்புத் தகட்டின்மேல் கால் வைத்தாள். எல்லோரும் சம்ப் மூடி என்று சொல்வது அதைத்தான். துருவேறிய தகடு கிழிந்து காலை வாங்கிக்கொண்டது. கீழே பத்தடித் தண்ணீர். குப்பைத் தொட்டியின் பிடியை விடாததால் ஆள் தப்பினாள்.

அவள் வாயில் வந்தது ஐயோ இல்லை. தாயை இழுத்துவரும் அந்தச் சொல். சென்னையில் பிறந்தவர்களுக்கு அது இன்னது என்று சொல்லத் தேவையில்லை. வெளியூரிலிருந்து வருபவர்களும் ஒரு வாரத்தில் தெரிந்துகொள்வார்கள். அச்சில் வந்தால் முதல் எழுத்துக்குப் பிறகு புள்ளிகள்தான் நிற்கும். அதை அவள் மூன்று முறை சொன்னாள். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் சட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முதல் மாடியிலிருந்து லோகநாயகி இதைப் பார்த்தாள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கால் மாட்டியதைக் கண்டிருந்தால் ஓடிவந்திருப்பார்கள். அந்தச் சொல் முந்திக்கொண்டு காதில் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு எதையும் பார்க்கத் தோன்றவில்லை.

பழைய வேட்டித் துணியும் டெட்டாலுமாக அவள் கீழே இறங்கினாள். வாட்ச்மேன் ஏற்கெனவே காலை வெளியே எடுத்துவிட்டிருந்தார். ஆடுசதையில் நீளமாக ஒரு கிழிசல்.

"ஊசி போட்டுக்க வேம்பு. துருப்புடிச்ச இரும்பு."

"போட்டுக்கிறேன் யக்கா. ஒரு ஆளு முழுசா உள்ள போனாத்தான் இத மாத்துவாங்களா? நானா கண்டி தொட்டிய புடிச்சிகினு தப்பிச்சேன். சின்னப் புள்ளைங்க இது மேல நின்னு பந்து ஆடுதுங்க."

லோகநாயகி துணியை டெட்டாலில் நனைத்துக் காயத்தைச் சுற்றிக் கட்டினாள். இந்த மூடியைப் பற்றி அவளுக்கு ஜனவரியிலேயே தெரியும். சொன்னது கஜபதி. மார்ச் மாதம் நெஞ்சு வலியில் போய்ச் சேர்ந்த அவள் புருஷன்.

கஜபதி ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் வேலை பார்த்தவர். நூறு டன் அழுத்தம் தலைக்கு மேலே இறங்கும் இடம். அந்த இரைச்சலில் 'கையை எடுங்க அண்ணே' என்று கத்தினால் யார் காதிலும் ஏறாது. அந்த ஒரு சொல் மட்டும் ஏறும். காதில் விழுந்த கணத்தில் எவனும் துள்ளிப் பின்னால் நகருவான். துக்கம் கேட்க வந்த, அவரோடு ஷாப்பில் வேலை பார்த்த இருதயராஜ் தன் வலது கையை நீட்டிக் காட்டினார்: "அக்கா, இந்தக் கை எனக்கு மிஞ்சிச்சுன்னா அது அண்ணன் வாயாலதான்." அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் எதைச் சொல்கிறார் என்று விளங்கவில்லை. தொழிற்சாலை ஆட்கள் மட்டும் தலையை ஆட்டினார்கள்.

அந்த வாயை அவர் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குள் கொண்டுவந்ததே இல்லை. ஷாப்பில் எப்படிப் பேசினாலும் சைக்கிளை நிறுத்திச் செருப்பைக் கழற்றும்போது அந்தப் பேச்சும் கழன்றுவிடும். அந்த வரிசையில் எல்லா வீட்டு ஆண்களும் அப்படித்தான். அது அங்கே எழுதாத சட்டம். முப்பத்தாறு வருஷக் குடித்தனத்தில் ஒருமுறைகூட அவர் அவள் எதிரில் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. அதனால் ஓய்வுக்குப் பிறகு, மகன் ஸ்ரீராம் பெயரில் வாங்கிய இந்த வீட்டுக்கு வந்து, குடியிருப்போர் வாட்ஸாப் குழுவில் தண்ணீர் லாரிக்காரனைப் பற்றி அவர் பேசி அனுப்பியதைக் கேட்டபோது அவளுக்கே ஆள் மாறிப்போனதுபோல இருந்தது. பாவம், தட்டச்சு வராது, பேசத்தான் வரும். வேலை நடக்க வேண்டும் என்றால் ஷாப் பேச்சுதான் வரும்.

'குழந்தைகள் பார்க்கும் குழு இது' என்று ஷோபனா எழுதினாள். சங்கச் செயலாளர் கார்த்திகேசன் மன்னிப்பு கேட்டு, கஜபதியைக் குழுவிலிருந்து நீக்கினார்.

அன்றிலிருந்து அவர் பேசிப் பதிவு செய்வதெல்லாம் லோகநாயகியின் போனுக்கு வந்தது. ஒவ்வொன்றும் ஒரே மாதிரித் தொடங்கும்: "லோகு, நீ கேக்காத. அப்டியே குரூப்புல போட்டுடு."

அவள் கேட்டாள். அனுப்பவில்லை.

குவார்ட்டர்ஸில் பத்து வீட்டுக்கு மனு எழுதிக் கொடுத்தவள் அவள். நூலகத்துப் புத்தகங்களை வரிசையாகப் படித்து முடித்தவள். அவர் பேசியதைக் கேட்டு, நல்ல தமிழில் எழுதி, தன் பெயரில் போட்டாள். சம்ப் மூடி பற்றி அவர் சொன்னது 'துருப்புடிச்சு அப்பளமா கீது' என்று. அவள் எழுதியது: 'கீழ்நிலைத் தொட்டியின் மூடி சற்றுப் பழுதடைந்துள்ளதாகத் தெரிகிறது. தங்களுக்கு வசதிப்படும்போது கவனிக்க வேண்டுகிறேன்.' மூன்று முறை போட்டாள். மூன்று முறையும் கார்த்திகேசன் கைகூப்பும் படம் ஒன்று போட்டார். அதற்கு மேலும் கீழும் காலை வணக்கப் பூக்கள்.

"போட்டியா லோகு?"

"போட்டுட்டேன்."

"நீல டிக்கு வந்துச்சா?"

"வந்துச்சு."

"ஒருத்தனும் வாயத் தொறக்கல பாத்தியா. ஒதுக்கி வெச்சிட்டானுங்க நம்மள."

கடைசி இரண்டு மாதம் அவர் கீழே நடக்கப் போவதை நிறுத்திவிட்டார். பால்கனியில் உட்கார்ந்து அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருப்பார். தன் குரலை நாற்பத்தெட்டு வீடும் கேட்டுவிட்டு மதிக்காமல் இருக்கிறது என்று நம்பியே அவர் போனார். அதை நினைத்தால் இப்போதும் லோகநாயகிக்குச் சோறு இறங்காது.

வேம்புலியம்மாளை ஷேர் ஆட்டோவில் பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அவள் மாடிக்கு வந்தாள். போனை எடுத்தாள். 'சற்றுப் பழுதடைந்துள்ள' என்று எழுத விரல் தானாகப் போனது. நிறுத்தினாள். ஜனவரி மாதத்துப் பதிவைத் தேடி எடுத்து, அப்படியே குழுவுக்குத் தள்ளினாள்.

"லோகு, நீ கேக்காத. அப்டியே குரூப்புல போட்டுடு. டேய் கார்த்திகேசா…" பிறகு அந்தச் சொல். "சம்ப்பு மூடி இன்னா கதில கீதுன்னு எறங்கி வந்து பாத்தியா நீ? தண்ணி லாரிய மேல ஏத்தி ஏத்தி நெளிச்சு வெச்சிகீறான். துருப்புடிச்சு அப்பளமா கீது. நாளைக்கு ஒரு கொயந்த உள்ள பூந்துச்சுன்னா உன் எக்செல் சீட்ட வெச்சா தூக்குவ?" மறுபடி அந்தச் சொல், இம்முறை ஊருக்கே பொதுவாக.

பத்து நிமிஷத்தில் குழு கொதித்தது. அறுபது செய்தி. அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். இறந்தவரின் குரலை இப்படிப் போடலாமா, பெண்பிள்ளை இருக்கும் வீடு, இதுதான் பண்பாடா. மூடி என்ற வார்த்தை ஒரு செய்தியிலும் இல்லை.

ஸ்ரீராம் தன் அறையிலிருந்து ஹெட்போனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டே வந்தான். ஐடி கம்பெனிக்காரன், வீட்டிலிருந்து வேலை.

"அம்மா, என்னம்மா பண்ணி வெச்சிருக்க? தெரியாம கை பட்டுடுச்சா?"

"தெரிஞ்சுதான் போட்டேன்."

"அப்பா மானத்த நீயே வாங்குற. மொதல்ல அழி. ரெண்டரை நாளுக்குள்ளதான் எல்லாருக்கும் சேத்து அழிக்க முடியும். அதுக்கப்புறம் அப்படியே நின்னுடும்."

"ரெண்டரை நாளா?" என்றாள். அந்தக் கணக்கு அவளுக்குப் பிடித்திருந்தது.

அரை மணியில் கார்த்திகேசனே வந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், நிதானமானவர். முகம் சிவந்திருந்தாலும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே வந்தார்.

"ஆன்ட்டி, என்னைத் திட்டினதுகூடப் பரவால்ல. எங்கம்மா ஊர்லேருந்து வந்திருக்காங்க. அவங்க பக்கத்துல உக்காந்திருக்கும்போது போன் பாடுது. அவங்களுக்கு என்ன சொல்றதுன்னே தெரியல எனக்கு."

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

அவர் சற்றுத் தயங்கினார். "மூடிய மாத்தலையாடான்னு கேட்டாங்க."

லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். அந்தச் சொல் யாரைக் குறித்ததோ அந்தத் தாய்க்குக் காதில் விழுந்தது மூடி. பிள்ளைக்கு விழுந்தது தாய். அவள் இந்த எட்டு மாதமாக யோசித்து வந்த ஒன்று அப்போது அவளுக்கு ஓரளவு தெளிந்தது. ஆண்கள் ஆண்களை அடிக்கக் கையில் எடுக்கும் கல் பெண்களின் உடம்பு. எங்களைப் பற்றிய சொல், எங்கள் காதில் மட்டும் விழக் கூடாது என்று மூடி வைக்கிறார்கள். மூடி வைப்பதால்தான் அதற்கு அந்தச் சூடு. தினம் சாம்பாரோடு பரிமாறினால் பிரஸ் ஷாப்பில் யாரும் கையை எடுத்திருக்க மாட்டார்கள். ஆகவே அதைத் தடுப்பவர்கள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. சொல்லை மூடும்போது அதற்குள் இருந்த செய்தியையும் சேர்த்து மூடுகிறோமே என்பதுதான் உறுத்தியது. மற்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். அவள் நல்ல தமிழில் சாத்தினாள்.

"அழிக்கிறேன் தம்பி," என்றாள். "மூடியப் போட்டுட்டு வாங்க. ரெண்டரை நாள் இருக்காம். போடலேன்னா அது அங்கேயே நிக்கும்."

"இது மெரட்டுற மாதிரி இருக்கே ஆன்ட்டி."

"ஆமாம்."

ஸ்ரீராம் அவளை யாரோபோலப் பார்த்தான்.

மறுநாள் மாலை அம்பத்தூரிலிருந்து வெல்டிங் ஆட்கள் வந்தார்கள். கால் அங்குலத் தகடு, அடியில் குறுக்குக் கம்பிகள், லாரி ஏறாமல் இருக்க ஓரத்தில் இரண்டு சிமென்ட் கட்டை. வேலை முடிந்ததும் கார்த்திகேசன் அவளை அழைத்தார். அவள் இறங்கிப் போய் மூடியின்மேல் ஏறி நின்றாள். இரண்டு முறை மிதித்தாள். அவரோடு மேலே வந்து, அவர் எதிரிலேயே பதிவை அழித்தாள். அந்த இடத்தில் செய்தி நீக்கப்பட்டது என்று ஒரு வரி நின்றது.

கார்த்திகேசன் போகாமல் நின்றார்.

"அவர் இருக்கும்போதே இத எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே ஆன்ட்டி. நேரா வந்து சத்தம் போட்டிருந்தாகூட அன்னிக்கே செஞ்சிருப்பேன்."

"அவரு சொன்னாரு. நான்தான் உங்க காதுக்கு வர விடலை."

அவருக்குப் புரியவில்லை. அவள் விவரமாகச் சொன்னாள், கைகூப்பும் படம்வரைக்கும். ஹாலில் வேலை பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்த ஸ்ரீராம் லேப்டாப்பை மெதுவாக மூடினான். அவனுக்கும் இது தெரியாது.

"இன்னும் எத்தனை இருக்கு?" என்று கார்த்திகேசன் கேட்டார்.

"முப்பத்தொண்ணு. லிஃப்ட்டு, மொட்டைமாடி வயரு, கேட்டுக்குப் பக்கத்துல சாய்ஞ்ச கம்பம். எல்லாம் அப்படியே கெடக்கு."

"நீங்க சொல்லச் சொல்ல எழுதிக்கிறேன் ஆன்ட்டி."

"வேணாம் தம்பி. நான் எழுதித்தான் இப்படி ஆச்சு. உக்காந்து கேளுங்க."

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். லிஃப்ட் பற்றிய பதிவை அவள் ஓடவிட்டாள். கஜபதியின் குரல் ஹாலை நிறைத்தது. முதல் வாக்கியத்திலேயே அந்தச் சொல் வந்தது. கார்த்திகேசன் தரையைப் பார்த்தார். ஸ்ரீராம் ஜன்னலைப் பார்த்தான். லோகநாயகி எங்கும் பார்க்கவில்லை. லிஃப்ட்டின் எந்தக் கதவு சரியாக மூடுவதில்லை என்று அவர் சொல்வதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.